எங்க வீட்டு மணி (கொஞ்சம் நீளமான இழை)



டெங்கு, சுகர், பிரஷர்னு எழுதி எழுதி எனக்கே சலிச்சிருச்சு. இன்னிக்கு நாய்க்குட்டி கதை. ஒண்ணுக்கு வந்தா கதவைத் திறக்கச் சொல்லி மணி அடிக்க ஒரு குட்டிக்குப் பழக்கின கதை. நாய் வளர்க்கிறவங்களுக்கு நேரடியா உபயோகப்படும். நாய் பிடிக்காதவங்களும் பாதியில போயிடாதீங்க, பின்னால உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு.

முதல்ல வீட்டைச் சொல்லிடறேன். நான் வேலை பார்ப்பது ஒரு தாலுகா அரசு மருத்துவமனை. திருநெல்வேலி பக்கம், அதுக்கு மேல ஊர் பேர் வேண்டாம். பழைய காலத்து வாடகை வீடு. முன்வாசல்ல இருந்து பார்த்தா புறவாசல் தெரியும், ரயில் பெட்டி மாதிரி நீளம். கக்கூஸ் புறவாசலுக்கு வெளியே, ரெண்டு படி இறங்கி, முருங்கை மரம் தாண்டி. தெருவுல ஒரு தடவை திருட்டு நடந்ததுல இருந்து புறவாசக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள், அதுக்கு வெளியே கிரில், கிரிலுக்கு ஒரு பூட்டு. ராத்திரி சாவி என் தலையணைக்கு அடியில இருக்கும். வீட்டுல நான், பள்ளிக்கூட டீச்சரான மனைவி, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற மகள், 68 வயசு அம்மா. அம்மா பால்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க.

மணி வந்தது ஒரு ஐப்பசி மழையில. ஆஸ்பத்திரி கேன்டீன் பின்னாடி தாய் நாய் வண்டியில அடிபட்டுச் செத்துருச்சு. நாலு குட்டியில ஒண்ணுதான் மிச்சம். வாட்ச்மேன் அண்ணன் அதை குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில போட்டு, "சார், பாப்பாவுக்குக் கொண்டு போங்க"ன்னு என் பைக் பின்னாடி வச்சே கட்டிட்டார். ரெண்டு மாசக் குட்டி இருக்கும். செவலை நிறம், நெத்தியில மட்டும் ஒரு வெள்ளைக் கோடு.

அம்மா பார்த்ததும் சொன்னது: "காலைல இருந்து நாய்க்கடிக்கு ஊசி போடுதவன் வீட்டுல நாயா? வெளங்கும்."

மகள் உடனே மணின்னு பேர் வச்சுட்டா. நம்ம ஊர்ல தெருவுக்கு ரெண்டு மணி இருக்கும், வேற பேர் வைன்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கல. பின்னால மணி அடிக்கப் போறான்னு அப்ப யாருக்குத் தெரியும்?

(இடையில ஒண்ணு. தெருக்குட்டி எடுக்கிறவங்க "குட்டிதானே, பல்லு கூட சரியா முளைக்கல"ன்னு அலட்சியமா இருக்காதீங்க. கீறினாலும் கடிச்சாலும் சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா அரசு மருத்துவமனைக்கு வாங்க. தடுப்பூசி இலவசம். மகளை மூணாம் நாளே மணி பிறாண்டிட்டான். 0, 3, 7, 28ன்னு கணக்கு வச்சு அவளுக்கு நானே ஊசி போட்டேன். மணிக்கு மூணு மாசம் ஆனதும் கால்நடை மருத்துவர்கிட்ட ரேபிஸ் ஊசி.)

முதல் ஒரு மாசம் வீடு வீடா இல்ல. சமையக்கட்டு வாசல், மகள் பள்ளிக்கூடப் பை, என் ஸ்டெதஸ்கோப் பவுச், எதையும் மணி விடல. நானும் பெருசா ஒண்ணும் யோசிக்கல. ஈரத்தைப் பார்த்தா கத்துவேன். ஒரு தடவை காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஈரத்துக்கு முன்னாடி நிறுத்தித் திட்டினேன். விளைவு என்ன தெரியுமா? நடுக்கூடத்துல போறதை நிறுத்திட்டு பீரோ பின்னாடி போக ஆரம்பிச்சான். இடம் தப்புன்னு அவனுக்குப் புரியல. என் கண் முன்னாடி போனாத்தான் ஆபத்துன்னு புரிஞ்சிருக்கு.

இதுல கேவலம் என்னன்னா, ஓபியில நான் பேசுற வசனமே வேற. "ஆறு வயசாகுது, இன்னும் பாயில ஒண்ணுக்குப் போறான் சார்"னு பிள்ளையைக் கூட்டிட்டு வர்ற அம்மாக்கள்ட்ட, "அஞ்சு வயசு வரைக்கும் இது நோயே இல்லம்மா. அதுக்கப்புறமும் அடிச்சுத் திருத்துற விஷயம் இல்ல, அடிச்சா இன்னும் கூடும்"னு பொறுமையா சொல்லுவேன். வீட்டுக்கு வந்து விடியக்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு கிலோ குட்டிகிட்ட கத்துவேன்.

நிறுத்தச் சொன்னது அம்மாதான். "முப்பது வருஷம் பால்வாடியில எத்தன பிள்ளையளப் பாத்திருப்பேன். ஒண்ணுக்கு வார பிள்ளைய மூஞ்சியப் பாத்தே சொல்லிரலாம். நீ தரையவே பாத்துட்டு இருந்தா எப்படி?"

அடுத்த நாள்ல இருந்து தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல அம்மா எழுத ஆரம்பிச்சாங்க. "6.10 முழிச்சான். 6.14 ஒ. 6.30 பால். 6.50 வெ." வார்டுல நாங்க நோயாளிக்கு எவ்வளவு திரவம் உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருதுன்னு சார்ட் எழுதுவோம். அதேதான். நாலு நாள் தாளைச் சேர்த்துப் பார்த்தப்ப ஒழுங்கு தெரிஞ்சது: தூங்கி முழிச்ச உடனே, விளையாடி ஓய்ஞ்ச உடனே, சாப்பிட்டு கால் மணியில இருந்து அரை மணிக்குள்ள. சாப்பிட்டதும் வர்றதுக்குக் காரணம் மனுஷனுக்கும் நாய்க்கும் ஒண்ணுதான். இரைப்பை நிறைஞ்சா பெருங்குடல் அசையத் தொடங்கும். கைக்குழந்தை பால் குடிச்ச கையோட வெளிக்குப் போறதும் இதனாலதான். அடக்கி வைக்கிற நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கு: குட்டிக்கு எத்தனை மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கோங்க, அத்தனை மணி நேரம். ரெண்டு மாசக் குட்டிகிட்ட மூணு மணி நேரத்துக்கு மேல எதிர்பார்க்கிறது அநியாயம்.

ஆக, நேரம் பார்த்து புறவாசலுக்குத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சோம். முருங்கை மரத்தடியில ஒரே இடம். போய் முடிச்ச அந்த நொடியில ஒரு துண்டு அவிச்ச முட்டை. வீட்டுக்குள்ள வந்து கொடுத்தா பிரயோசனமில்ல; உள்ள வந்ததுக்குக் கிடைச்சதுன்னு நினைச்சுக்கும். உள்ளே தப்பு நடந்தா சத்தமே போடாம துடைக்கிறது. பினாயில் நம்ம மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும், நாயோட மூக்குக்கு அடியில பழைய வாடை இருந்துட்டே இருக்கும், திரும்ப அங்கேயே போகும். சோப்புத் தண்ணி, அதுக்கு மேல வினிகர் கலந்த தண்ணின்னு துடைச்சோம். இதுக்குன்னே என்சைம் திரவம் பெட் ஷாப்ல விக்குது, அது இன்னும் நல்லது.

இதெல்லாம் நாம அவன் நேரத்தை ஊகிக்கிறது. அவனா சொல்லணுமே? அதுக்குத்தான் மணி.

பொங்கல் சமயம் மாட்டுக்கு வாங்குற சலங்கையில மூணு எடுத்து, பழைய சேலைக் கரையில தைச்சு, புறவாசக் கதவு கைப்பிடியில அம்மா தொங்கவிட்டாங்க. மணியோட மூக்கு உயரத்துக்கு. (நகம் மாட்டுற மாதிரி கீறல் உள்ள சின்னச் சலங்கை வேண்டாம். முழுங்குற அளவும் வேண்டாம்.) முதல் நாள் சத்தம் கேட்டு மணி கட்டிலுக்கு அடியில ஓடிட்டான். அதனால சலங்கைக்குள்ள பஞ்சு அடைச்சு, சத்தம் அமுங்கின பிறகு ஆரம்பிச்சோம். சலங்கையில துளி முட்டை தடவுறது, மூக்கால தொட்டா ஒரு துண்டு. ரெண்டு நாள் அவ்ளோதான். அப்புறம் வெளியே போற ஒவ்வொரு தடவையும் அவன் தொடுற வரைக்கும் கதவுக்கிட்ட காத்திருக்கிறது. தொட்டதும் கதவு உடனே திறக்கும். நாள்பட நாள்பட பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தோம்.

நாய், மணின்னதும் உங்களுக்கு பாவ்லவ் ஞாபகம் வரும். 1904ல நோபல் பரிசு வாங்கின ரஷ்ய மருத்துவர். அந்தப் பரிசு செரிமானம் பத்தின ஆராய்ச்சிக்கு. எச்சில் ஊறுற கதையில அவர் பெயர் நின்னுபோச்சு. அங்கே மனுஷன் சத்தம் கொடுப்பான், நாய்க்கு எச்சில் ஊறும். எங்க வீட்டுல தலைகீழ். நாய் சத்தம் கொடுக்கும், நான் எழுந்து ஓடணும். யார் யாருக்குப் பழக்கினதுன்னு இன்னும் எனக்குச் சந்தேகம்தான். பாயை நனைக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு மணி வைத்தியம் உண்டு, 1938ல மௌரர்னு ஒரு தம்பதி எழுதினது. ஈரம் பட்ட உடனே மணி அடிச்சு பிள்ளையை எழுப்பும் விரிப்பு. அதோட இன்றைய வடிவம் இப்பவும் வைத்தியத்துல இருக்கு.

பன்னிரண்டாம் நாள் மதியம். அம்மா மட்டும் வீட்டுல. சலங்கைச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தா, யாரும் சொல்லாம மணி தானா அடிச்சுட்டு கதவையே பார்த்துட்டு உக்காந்திருக்கான். கதவைத் திறந்ததும் நேரா முருங்கை மரம். அம்மா எனக்கு போன் பண்ணி, "ஏல, பிள்ள பாஸாயிட்டான்"னாங்க. நான் ஓபி நடுவுல சிரிச்சதைப் பார்த்து எதிர்ல இருந்த தாத்தா, "என்ன சார், சுகர் குறைஞ்சிருச்சா?"ன்னு கேட்டார்.

ஒரு வாரத்துல மணி அடுத்த படிப்புக்குப் போனான். காக்காயைப் பார்க்க ஒரு மணி, பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்க்க ஒரு மணி. அதுக்கு மருந்து: மணி அடிச்சா கட்டாயம் திறக்கணும், ஆனா நேரா மரத்தடி, அஞ்சு நிமிஷம், ஒண்ணும் நடக்கலைன்னா உள்ள. விளையாட்டு கிடையாது. நாலு நாள்ல புரிஞ்சுக்கிட்டான்.

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன்.

மாசி மாசம் ஒரு ராத்திரி. முந்தின நாள் காலையில போன ட்யூட்டி, ரெண்டு வாகன விபத்து, ஒரு பாம்புக்கடி, மதுரைக்கு ஒரு ரெஃபரல். வீட்டுக்கு வந்து படுத்தேன். எப்பவோ சலங்கை கேட்டுச்சு. கேட்டது நல்லா ஞாபகம் இருக்கு. திரும்பவும் கேட்டுச்சு. தலையணையை எடுத்து காது மேல வச்சுக்கிட்டேன். மூணாவது தடவை மெதுவா ஒரு தட்டு. அப்புறம் இல்ல.

காலையில புறவாசக் கதவோரம் குளம். மணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டா வாலை மட்டும் ஒரு தடவை தரையில தட்டினான், எழுந்து வரல.

அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல, சத்தம் இல்லாம துடைச்சேன். ஆனா அடுத்த ராத்திரியும் குளம், சலங்கைச் சத்தமே இல்ல. அடுத்ததும் அப்படியே. பகல்ல அம்மா இருக்கிற நேரம் ஒழுங்கா அடிப்பான். ராத்திரி மட்டும் அடிக்கிறதில்ல. மனோதத்துவப் பாடத்துல படிச்சதுதான்: பலன் கிடைக்காத பழக்கம் தானா அணைஞ்சு போகும். அணைய நாள் பல ஆகும்னுதான் நினைச்சிருந்தேன். ஒரே ராத்திரியில ஆச்சு.

அதே வாரம் ஞாயித்துக்கிழமை காலையில அம்மா கொடுத்த காபியில உப்பு. சிரிச்சுட்டே சொன்னேன். அம்மா சிரிக்கல. "அப்பா இன்னும் கடையில இருந்து வரலையே?"ன்னாங்க. அப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சு.

பக்கவாதம்னுதான் முதல்ல நினைச்சேன். கை தூக்கச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், பேசச் சொன்னேன். எல்லாம் சரி, வலது தோள் மட்டும் பழைய இறுக்கம், சுகர்க்காரங்களுக்கு வர்றதுதான். லேசா சுடுது. நாக்கு காஞ்சு கிடக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் ரத்தம், யூரின் எல்லாம் எடுத்தோம். யூரின்ல சீழ் செல்கள் ஏகப்பட்டது. கிரியேட்டினின் வழக்கத்தை விட கூட. சிறுநீர்த் தொற்று, உடம்புல தண்ணி இல்ல. வயசானவங்களுக்கு இது எரிச்சல், கடுப்புன்னு வராம, சில சமயம் இப்படிக் குழப்பமா வந்து நிக்கும். சலைன், ஆன்டிபயாட்டிக். மூணு நாள்ல அம்மா பழைய அம்மா ஆயிட்டாங்க.

ரெண்டாம் நாள் சாயங்காலம் கட்டில் பக்கத்துல உக்காந்து கேட்டேன். ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட கேக்கிற கேள்வி, வீட்டுல கேட்டதே இல்ல. "யூரின் எப்படிம்மா போகுது? தண்ணி எவ்வளவு குடிக்கிற?"

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லையாம். ரொம்ப நாளா. ராத்திரி எழுந்தா அந்த மேல்தாழ்ப்பாளுக்குத் தோள் எழும்பாது. சாவி என்கிட்ட. படியில இறங்க மூட்டு வலி, ஒருத்தர் கையைப் பிடிக்கணும்.

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானேம்மா?"

"கூப்பிட்டேனய்யா. ரெண்டு தரம் கூப்பிட்டேன். நீ அசந்து கிடந்த. அலைஞ்சு வந்த பிள்ளைன்னு விட்டுட்டேன். பொறவு கூப்பிடல."

அது எந்த ராத்திரின்னு நான் கேக்கல. கேட்டா அம்மா தேதியே சொல்லியிருப்பாங்க, எழுதி வைக்கிற ஆள்.

இன்னொண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். அம்மாவோட பிரஷர் மாத்திரையில சிறுநீரைக் கூட்டுற மருந்தும் கலந்திருக்கு. மறக்காம இருக்கட்டும்னு அதை ராத்திரிச் சாப்பாட்டோட வச்சது நான்தான். காலையில போட வேண்டியது. எத்தனை பேருக்கு ஓபியில நேரம் மாத்தி எழுதிக் கொடுத்திருப்பேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கே ஆசாரியைக் கூப்பிட்டு மேல்தாழ்ப்பாளைக் கழட்டி இடுப்பு உயரத்துல வைக்கச் சொன்னேன். அரை மணி நேர வேலை. படியோரம் கைப்பிடிக் கம்பி, ஒரு லைட். அப்புறம் ரொம்ப புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டு, ஒரு சின்ன மணியைக் கொண்டு போய் அம்மா கட்டில் கால்ல கட்டினேன்.

அம்மா அதைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. "என்னைய நாய்னு நெனச்சியால?"

ரெண்டு நாள் என்கிட்ட பேச்சு இல்ல. மணியை அவுத்து மேசையில வச்சுட்டாங்க. இதுல யாரைக் குத்தம் சொல்ல? அம்மா கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கின பிள்ளைங்க ஊர்ல பாதிப்பேர் இருப்பாங்க, நான் உட்பட. அந்த ஆளுகிட்ட போய் மணி கட்டினா?

மனைவிதான் சரி பண்ணினா. எலக்ட்ரிக்கல் கடையில கம்பி இல்லாத காலிங் பெல் ஒண்ணு வாங்கி, ஸ்விட்சை அம்மா தலைமாட்டுலயும், பெல்லை எங்க ரூம்லயும் வச்சா. "அத்தை, ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல்னா நான் உங்களைத்தான் எழுப்பணும், உங்களுக்கு ஏதாவதுன்னா நீங்க எங்களை எழுப்பணும். வீடு நீளமா இருக்கு, கூப்பிட்டா கேக்கல"ன்னு சொன்னா. வீட்டு மேல பழியைப் போட்டுட்டா. அம்மா ஒண்ணும் சொல்லல.

முதல் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு பெல். ஓடினேன். அம்மா கட்டில்ல உக்காந்திருந்தாங்க. "ஒண்ணுமில்ல. அடிக்குதான்னு பாத்தேன்." ரெண்டாம் நாள் ஒரு மணிக்கு. "போடா, சும்மா கை பட்டுருச்சு." மூணாம் நாளும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் போனேன். நாலாம் நாள் ரெண்டே காலுக்கு அடிச்சப்ப அம்மா எழுந்து நின்னு, சேலையைச் சரி பண்ணிட்டு, கையை நீட்டினாங்க.

மணிக்கும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவை நான்தான், ராத்திரியில மட்டும். அலாரம் வச்சு பன்னெண்டுக்கும் மூணுக்கும் எழுந்து, சலங்கைக்கிட்ட கூட்டிட்டுப் போய், தொட்டதும் திறந்து, மரத்தடி, முட்டை. மூணு வாரம் ஆச்சு. முதல் தடவை பழக்கினதை விட அதிகம்.

நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம் சொல்லிடறேன். வீட்டுல வயசானவங்க இருந்தா, "ஏதாவது வேணுமா"ன்னு பொதுவா கேக்காதீங்க, "வேண்டாம்"னுதான் வரும். சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிறாங்களான்னு பாருங்க. கட்டில்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் ராத்திரி லைட் இல்லாம ஒரு தடவை நீங்க நடந்து பாருங்க; எங்க தடுக்கும், எந்தத் தாழ்ப்பாள் எட்டாதுன்னு தெரிஞ்சிரும். பிரஷர், இதய மாத்திரையில நீர் போக வைக்கிற மருந்து இருக்கான்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு நேரத்தை மாத்துங்க, நீங்களா நிறுத்தாதீங்க. நல்லா இருந்தவங்க திடீர்னு துணியை நனைச்சாலோ, ஆள் தெரியாம பேசினாலோ, "வயசாயிருச்சு"ன்னு முடிவு கட்டாம யூரின் டெஸ்ட், சுகர் பாருங்க. நல்லாப் பழகின நாய் திடீர்னு வீட்டுக்குள்ள போக ஆரம்பிச்சாலும் அதேதான், முதல்ல கால்நடை மருத்துவர்.

வார்டு ரவுண்ட்ஸ்ல இப்ப நான் கூட ஒரு கேள்வி சேர்த்திருக்கேன்: "ராத்திரி யாரையாவது கூப்பிட்டீங்களா, வந்தாங்களா?" பதில் பல நாள் நல்லா இருக்கிறதில்ல. அது தனி இழைக்கான விஷயம், இன்னொரு நாள்.

போன வாரம் நடந்ததைச் சொல்லிட்டு முடிச்சிக்கிறேன். திரும்ப ஒரு நைட் ட்யூட்டி முடிஞ்ச மறுநாள். விடியக்காலம் மூணு மணி வாக்குல காலிங் பெல். அரைத் தூக்கத்துல எழுந்து அம்மா ரூமுக்கு ஓடினேன். அம்மா படுத்தே இருக்காங்க. சுவிட்சுல கை.

"எனக்கு இல்லல. மணி ரெண்டு தரம் அடிச்சிட்டான், உனக்குக் கேக்கல. அதான் நான் அமுக்குனேன். போய்த் தொறந்து விடு, பாவம் நிக்கான்."

சாவியை எடுத்துட்டுப் போனேன். கதவுக்கிட்ட உக்காந்து, என்னைத் திரும்பிக்கூட பார்க்காம, தாழ்ப்பாளையே பார்த்துட்டு இருந்தான்.